விமானத்தின் வாய்

2025ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இரவு, பருவமழைக் காலத்து இருண்ட வானிலிருந்து எஃப்-35பி என்னும் பிரிட்டிஷ் போர்விமானம் ஒன்று நம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்திறங்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலில் நின்ற 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்னும் தாய்க்கப்பலுக்கு, வானிலை கெட்டிருந்தமையால் திரும்ப இயலாமல், அது இங்கே அடைக்கலம் புகுந்தது. இறங்கிய பின்னர் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் பழுது காணப்பட்டது. பிரிட்டனிலிருந்து எஞ்சினியர்கள் வந்து, அதைக் கொட்டகைக்குள் இழுத்துச் சென்று செப்பனிட்டு, ஜூலை 22ஆம் நாள்தான் அது மீண்டும் பறந்தது. இடைப்பட்ட 38 நாட்களும் சாலைக் கடைத்தெரு முதல் சங்குமுகம் கடற்கரை வரை ஊரெங்கும் இதே பேச்சு. கேரளச் சுற்றுலாத் துறையாரோ, இந்த ஊரைவிட்டுப் போக மனமில்லை என்று அவ்விமானமே சொல்வதுபோல் விளம்பரம் வெளியிட்டு உலகத்தைச் சிரிக்க வைத்தனர்.

நம் விமான நிலையத்துக்கு விசித்திரங்கள் புதியனவல்ல. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையின் குறுக்கே கடலுக்குச் செல்லும். அப்பொழுது சில மணி நேரம் விமானங்கள் யாவும் நிற்கும். சுவாமிக்கு வழிவிடும் ஓடுபாதை அந்நிய நாட்டு விருந்தாளிக்கும் இடம் கொடுத்தது, அவ்வளவே.

அந்நாட்களில் எல்லோரும் விமானத்தின் விலையைப் பேசினார்கள். அதன் முதுகைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலர். விமானி அமரும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, அதன் முதுகில் பெரிய மூடி ஒன்று உண்டு. அதற்கும் பின்னே இரு சிறு கதவுகள் உண்டு. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழிகள் பக்கவாட்டில் இரண்டு இருக்க, முதுகிலும் எதற்காக மூடியும் கதவுகளும்? இக்கேள்வியை நம்மிடம் கேட்டவன் பள்ளி மாணவன் ஒருவன். அவனுக்குச் சொல்லத் தொடங்கியபோது விஷயம் நீண்டு, நம் ஊர்த் தும்பாவில் வந்து முடிந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களில் தும்பாவிலும் வலியமலையிலும் பணிபுரிவோர் பலர் உளர். அவர்கள் வீட்டுக்கு வந்தால் அலுவலக விஷயத்தில் வாய் திறப்பதில்லை. ஆகவே அந்த வாயைப் பற்றி நாமே எழுதத் துணிந்தோம்.

குமுட்டி அடுப்பில் சமைத்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கரி எவ்வளவு போட்டாலும், அடிவாயில் காற்று நுழையாவிட்டால் நெருப்பு எழும்பாது. தீ வேண்டும்போது விசிறுவர். தணிய வேண்டும்போது அடிவாயை அடைப்பர். ஜெட் எஞ்சினும் ஓர் அடுப்புத்தான். முன்வாயில் காற்றை வாங்கி, கம்ப்ரஸர் என்னும் சுழலும் தகடுகளின் வரிசையால் அதை நெருக்கி, எண்ணெயைத் தெளித்து எரித்து, வெந்த காற்றைப் பின்வழியே சீறவிட்டு முன்னே பாய்கிறது. ஆனால் இவ்வடுப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓடுபாதையில் அசையாமல் நிற்கும்போது காற்றைத் தானே உறிஞ்ச வேண்டும். ஒலியின் இருமடங்கு வேகத்தில் பறக்கும்போதோ காற்று மலைவெள்ளம்போல் வாயில் வந்து மோதும். இந்த இரு நிலைகளிலும் கம்ப்ரஸர் கேட்பது ஏறத்தாழ ஒன்றேதான்: ஒலியின் வேகத்தில் பாதியளவுக்கு மேற்படாத வேகத்தில், சீராக, கலங்காமல் வரும் காற்று. அதைவிட வேகமாக வந்தால் தகடுகள் திணறும். குறைவாக வந்தால் எஞ்சின் இருமும், சில வேளை அணைந்தே போகும்.

மெதுவாகப் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு இது பெருங்கவலையன்று. நம் தலைக்கு மேல் நாள்தோறும் வளைகுடாவுக்குப் போகும் விமானங்களின் எஞ்சின்களைப் பாருங்கள். உருண்டையான, அசையாத வாய்கள். ஒலியின் வேகத்தைக் கடக்கும் விமானத்துக்குத்தான் சிக்கல். அதன் காரணத்தை விளக்க நம் ஊரிலேயே நல்ல உவமை ஒன்றுண்டு.

ஆற்றுக்கால் பொங்கலுக்கு வரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மெதுவாக நகரும்போது முன்னே இடம் நெருக்கடியாயின், முன்னவர் நிற்பது பின்னவருக்குத் தெரிந்து, அவரும் நடை தளர்வார். செய்தி பின்னோக்கிப் போய்விடும். காற்றிலும் அவ்வாறே. முன்னே தடை இருக்கிறதென்னும் செய்தியைக் காற்றணுக்கள் ஒன்றுக்கொன்று ஒலியின் வேகத்தில் கடத்துகின்றன. ஆனால் ஓடிவரும் கூட்டம் அச்செய்தியைவிட வேகமாக வந்தால்? முன்னறிவிப்பே இல்லாமல் தடையில் மோதும். அம்மோதல் நிகழும் மெல்லிய எல்லையே அதிர்ச்சி அலை எனப்படுவது. அதைக் கடந்த கணத்தில் காற்றின் வேகம் குறைகிறது, அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. ஓடிவரும் கூட்டத்தின் எதிரே நேராகச் சுவரொன்றை நிறுத்தினால் நசுங்கல்தான் மிஞ்சும். அனுபவமுள்ள தொண்டர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். மூங்கில் தடுப்புகளைச் சாய்வாகக் கட்டி, கூட்டத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, வேகத்தைத் தணித்து, கடைசியில் வாசலுக்குள் நடைவேகத்தில் விடுவார்கள்.

போர்விமானத்தின் வாயில் உள்ள சாய்பலகைகளும் கூம்புகளும் இம்மூங்கில் தடுப்புகளே. கணக்கும் இதையே சொல்லுகிறது. ஒலியின் மும்மடங்கு வேகத்தில் வரும் காற்றை ஒரே நேர் அதிர்ச்சி அலையால் தடுத்தால், பெறத்தக்க அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு எட்டாது. எஞ்சியது பயனற்ற வெப்பக் கலக்கமாய்ப் போய்விடும். சாய்வான அலைகள் சிலவற்றை முன்னே எழுப்பி, வேகம் தணிந்த பின்னர் வலுவற்ற நேர் அலை ஒன்றால் முடித்தால் இழப்பு மிகக் குறையும். ஆயினும் அந்தச் சாய்வான அலை எந்தக் கோணத்தில் எழும் என்பது விமானத்தின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடக்கூட அலை பின்னே மடியும். இன்றைய வேகத்துக்குக் கட்டிய தடுப்பு நாளைய வேகத்துக்கு உதவாது. ஆகவே தடுப்பை அசையும்படி அமைத்தார்கள். வேகத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகரும் கூம்பு, மேலும் கீழும் சாயும் பலகை, தேவையானபோது திறக்கும் துணைக்கதவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே மாற்றியமைக்கத்தக்க காற்றுவாய்.

நம் நாட்டில் இதை அதிக காலம் சுமந்தது மிக்-21 விமானம். 1963இல் நம் விமானப்படையில் சேர்ந்து 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டீகரில் ஓய்வு பெற்ற அவ்விமானத்தின் மூக்கில் வட்டமான வாயும் அதன் நடுவே கூர்மையான கூம்பும் இருக்கும். படத்தில் பார்ப்போர் அக்கூம்பை வெறும் அலங்காரமென்று கருதுவர். தொடக்கத்தில் வந்த வகையில் அக்கூம்பு மூன்று நிலைகளில் மட்டும் நின்றது. பின்வந்த வகைகளில் வேகத்துக்கேற்பப் படிப்படியாக நகர்ந்தது. ராடார் கருவியையும் அதன் உள்ளேயே வைத்தார்கள். இருந்த இடத்தில் இரட்டை வேலை வாங்கும் சிக்கனம் அது.

இன்று தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 விமானங்களிலும் மாற்றியமைக்கத்தக்க வாய்கள் உண்டு. அங்குள்ள 222ஆம் அணி 2020 ஜனவரி 20ஆம் நாள் அங்கே பணியில் சேர்க்கப்பட்டது. அதை ஆளும் தெற்கு விமானப் படைப்பிரிவின் தலைமையகம், 1984 முதல், நம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. சுகோயின் வாயில் சாயும் பலகைகளோடு, உலோகக் கம்பிவலை ஒன்றும் உள்ளது. தரையில் ஓடும்போது அது எழுந்து வழியை மறைத்து, கல்லும் தூசும் எஞ்சினுக்குள் போகாமல் வடிகட்டும். வானில் ஏறிய பின்னர் படுத்துக்கொள்ளும். நம் வீட்டு மோர் வடிகட்டியின் வேலைதான். ஆனால் வலை சற்று விலையுயர்ந்தது.

இவ்வாயின் பெருமையை முழுவதும் காட்டியது காங்கார்டு என்னும் பயணிகள் விமானமே. பிரிட்டனும் பிரான்சும் கூடிச் செய்த அவ்விமானம் 1976 ஜனவரி 21ஆம் நாள் முதல் 2003 அக்டோபர் 24ஆம் நாள் வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் நான்கு எஞ்சின்களுக்கும் நீண்ட பெட்டிபோன்ற வாய்கள் இருந்தன. உள்ளே மேற்புறத்தில் அசையும் பலகைகள். கீழ்ப்புறத்தில் ஒரு கதவு. ஓடுபாதையில் புறப்படும்போது கீழ்க்கதவின் வழியே கூடுதல் காற்று உள்ளே வரும். உயரத்தில் எஞ்சின் ஒன்றை அடக்க நேர்ந்தால், அதே கதவின் வழியே மிகுந்த காற்று வெளியே போகும். இவற்றை அசைத்தது மனிதக் கையன்று, மின்கணிப்பொறி. விமானத்தில் இத்தகைய வேலைக்கு எண்முறைக் கணிப்பொறியை வைத்த முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இங்கே நம்ப முடியாதது போன்ற கணக்கொன்று உண்டு. ஒலியின் இருமடங்கு வேகத்தில் காங்கார்டு பறக்கும்போது அதை முன்னே தள்ளிய விசையில் ஏறத்தாழ 63 விழுக்காடு காற்றுவாயினால் வந்தது. 29 விழுக்காடு பின்புறத்துக் குழல்வாயினால். நடுவே இருந்து எண்ணெயைக் குடித்து இரைந்த எஞ்சினின் நேரடிப் பங்கு 8 விழுக்காடே. இது எப்படி? வெறும் வாய் எவ்வாறு தள்ளும்? வாய் உள்ளே போகப்போக விரியும் குழாயாக இருக்கிறது. வேகம் தணிந்து அழுத்தம் ஏறிய காற்று அவ்விரியும் சுவர்களின்மேல் சாய்ந்து, அவற்றை முன்னோக்கி உந்துகிறது. எஞ்சின் அக்காற்றை ஓயாமல் இழுத்துக்கொள்வதனால்தான் இவ்வழுத்தம் நிலைக்கிறது என்பதையும் மறக்கலாகாது. எஞ்சின் நின்றால் வாயின் புகழும் அக்கணமே மறையும். உழைப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்னும் உலக வழக்குக்கு விமானத்திலும் இடமிருக்கிறது போலும்.

இனி, வாய் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் எஸ்.ஆர்.-71 என்னும் உளவு விமானம் ஒலியின் மும்மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் பறந்தது. அதன் இரு எஞ்சின்களின் முன்னும் நீண்ட கூர்மையான கூம்புகள் உண்டு. வேகம் ஏறும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் பின்னோக்கி உள்வாங்கும். கடைசி நேர் அலை வாயின் குறுகலான கழுத்தில், கயிற்றின் மேல் நடப்பவன்போல், இம்மியும் பிசகாமல் நிற்கவேண்டும். சற்றே முன்னே நழுவினால் அவ்வலை வாய்க்கு வெளியே துப்பப்பட்டுவிடும். காற்று உள்ளே போகாமல் சுற்றி வழிந்தோடும். அப்பக்கத்து உந்துவிசை நொடியில் மறையும். ஒரு பக்கம் எஞ்சின் முழுவேகத்தில் தள்ள, மறுபக்கம் தடையாய் நிற்க, விமானம் பக்கவாட்டில் வெட்டி இழுக்கப்படும்.

1966 ஜனவரி 25ஆம் நாள் சோதனை விமானி பில் வீவர் என்பவரும் அவருடன் ஜிம் ஸ்வேயர் என்பவரும் இவ்விமானம் ஒன்றில் பறந்தனர். வலப்பக்கத்து வாயைத் தானாக இயக்கும் அமைப்பு பழுதுபட்டமையால், அதைக் கையால் இயக்கிக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 24 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியின் 3.18 மடங்கு வேகத்தில், வலப்புறம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தபோது வலப்பக்கத்து வாய் அலையைத் துப்பிவிட்டது. சில விநாடிகளுக்குள் விமானம் துண்டுதுண்டாகச் சிதறியது. வீவர் இருக்கையை வெளியே எறியும் விசையைத் தொடவேயில்லை. சிதறிய விமானமே அவரை வெளியே எறிந்தது. அழுத்த உடை காப்பாற்ற, பாராசூட் விரிந்து, நியூ மெக்சிகோவின் ஒரு பண்ணையில் உயிரோடு இறங்கினார். ஸ்வேயர் உயிரிழந்தார். இரண்டு வாரங்களுக்குப் பின்னர் வீவர் அதே வகை விமானத்தை மீண்டும் ஓட்டினார் என்பது மனிதனின் துணிவுக்கு எல்லையில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் நமக்கு அவருடைய துணிவைவிட அந்தக் கூம்பின் சில அங்குலங்களே நெஞ்சில் நிற்கின்றன.

ஆகவே பிற்கால எஞ்சினியர்கள் வேறு கேள்வி ஒன்றைக் கேட்கத் தொடங்கினர். ஒலியின் இருமடங்கு வேகத்தில் ஒரு போர்விமானம் தன் வாழ்நாளில் எத்தனை நிமிடம் பறக்கிறது? மிகச் சில நிமிடங்கள். அச்சில நிமிடங்களுக்காக அசையும் பலகைகளையும், அவற்றை அசைக்கும் யந்திரங்களையும், கணிப்பொறிகளையும் எந்நேரமும் சுமப்பானேன்? எடை கூடுகிறது, பராமரிப்புக் கூடுகிறது, பலகைகளின் இடுக்குகள் எதிரியின் ராடாருக்கும் அடையாளம் காட்டுகின்றன. இவ்வெண்ணத்தால் அசையாத வாய்கள் மீண்டும் வந்தன. நம் தேஜஸ் விமானத்தின் வாய் அசையாத வகையைச் சேர்ந்ததே. நம் ஊருக்கு விருந்தாளியாய் வந்த எஃப்-35 விமானத்தின் பக்கவாட்டு வாய்களும் அசையாதவை. வாயின் உட்புறத்தில் வழுவழுப்பான ஒரு புடைப்பு மட்டும் இருக்கும். பலகையும் கதவும் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அப்புடைப்பின் வடிவமே செய்துவிடுகிறது. நம் கருத்தில் இது மிக நேர்த்தியான வேலை. அசையும் உறுப்பைக் கூட்டுவது கெட்டிக்காரத்தனம். அதைக் குறைப்பது அதனினும் பெரிய கெட்டிக்காரத்தனம்.

ஆனால் அதன் முதுகில் உள்ள மூடி? இப்போது அம்மாணவனின் கேள்விக்கு விடை சொல்லலாம். எஃப்-35இல் மூன்று வகைகள் உண்டு. நம் ஊரில் இறங்கிய பி வகை, கப்பலின் சிறிய தளத்தில் ஹெலிகாப்டரைப்போலச் செங்குத்தாக இறங்கவல்லது. அதற்காக விமானிக்குப் பின்னே, படுக்கைவாட்டில், ஒரு பெரிய விசிறி பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு அதைச் சுழற்ற, அது மேலிருந்து காற்றை வாங்கிக் கீழே தள்ளி, ஏறத்தாழ 9 டன் எடையைத் தாங்குகிறது. முதுகில் உள்ள பெரிய மூடி அவ்விசிறியின் வாய். விமானத்தின் வேகத்துக்கேற்ப அதன் சாய்வும் மாறும். பின்னே உள்ள சிறு கதவுகளோ எஞ்சினுக்குக் கூடுதல் காற்று கொடுப்பவை. அந்தரத்தில் நிற்கும் விமானத்தின் வாயில் தானாகக் காற்று வந்து மோதாது; வேகமாகப் பறப்பதற்கென்று வடித்த பக்கவாட்டு வாய்கள் அப்போது போதா. முன்வாயில் அசையும் உறுப்பு வேண்டாமென்று விலக்கியவர்களே, முதுகில் கதவு வைக்க நேர்ந்தது. நம் கடற்படையில் 1983 முதல் 2016 வரை இருந்த ஸீ ஹாரியர் விமானங்களிலும் இதே தேவைக்காக வாயைச் சுற்றிச் சிறுசிறு கதவுகள் வரிசையாக இருந்தன. விமானம் சும்மா நிற்கும்போது மேற்பக்கத்துக் கதவுகள் தம் எடையாலேயே உள்ளே தொங்கிக் கிடக்கும்.

நிற்க. இதுகாறும் பேசியவை எல்லாம் காற்றை உண்ணும் யந்திரங்கள். நம் நகரத்துக்குப் புகழ் சேர்த்தது இதற்கு நேர்மாறான யந்திரம். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் எழும்பி, அந்தி வானில் சோடியம் ஆவியின் செந்நிற மேகத்தைப் பரப்பியது. அங்கிருந்த மேரி மக்தலேன் தேவாலயத்தையும் தங்கள் குடியிருப்பையும் அக்கடற்கரை மீனவ மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். அத்தேவாலயம் இன்று விண்வெளிக் காட்சிச்சாலையாக இருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து வந்த இளைஞர் அப்துல் கலாம் அங்கே பணிபுரிந்த கதை நம் குழந்தைகளுக்கு மனப்பாடம். அக்காட்சிச்சாலையில் உள்ள ராக்கெட்டுகளில் காற்று நுழையும் வாயைத் தேடினால் கிடைக்காது. ராக்கெட் காற்றை நம்புவதில்லை. எரிபொருளோடு, அதை எரிக்கவேண்டிய ஆக்ஸிஜனையும் தானே சுமந்து செல்கிறது. ஊர்விட்டு ஊர் போகும்போது அரிசியோடு கிணற்றுத் தண்ணீரையும் குடத்தில் எடுத்துப்போவதுபோல.

இச்சுமையின் அளவு சாதாரணமன்று. இன்றைய ஏவுவாகனங்கள் சுமக்கும் எரிபொருட் கலவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு எரிக்க உதவும் பொருளே என்று இஸ்ரோ நிறுவனத்தார் சொல்லுகின்றனர். புறப்பட்ட முதல் சில பத்துக் கிலோமீட்டர் உயரம்வரை சுற்றிலும் காற்று இருக்கிறது; அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். அதை வழியிலேயே வாங்கிக்கொண்டால் சுமை எவ்வளவு குறையும்! இவ்வாசையால்தான் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ராக்கெட்டுக்கும் ஒரு வாய் வைக்க முற்பட்டார்கள். அவ்வெஞ்சினுக்கு ஸ்க்ராம்ஜெட் என்று பெயர். அதில் சுழலும் தகடு இல்லை. விமானத்தின் வேகமே காற்றை நெருக்கிக் கொடுக்கும்.

ஆனால் ஒலியின் ஆறு மடங்கு வேகத்தில் வரும் காற்றை, மிக்-21இல் செய்ததுபோல் ஒலியின் வேகத்துக்குக் கீழே தணிக்க முற்பட்டால், அது 1,500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் கொதிக்கும்; எரிபொருள் சேர்க்கும் வெப்பத்தால் கிடைக்கும் பயன் சுருங்கும். ஆகவே ஓரளவே தணித்து, ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றிலேயே ஹைட்ரஜனை எரிக்கவேண்டும். காற்று அறைக்குள் புகுந்து வெளியேறும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். அக்காற்றில் அகல்விளக்கை ஏற்றி அணையாமல் காப்பதைவிடப் பன்மடங்கு கடினமான காரியம் இது.

2010 மார்ச் 3ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த முதல் சோதனை ராக்கெட், எரியாத எஞ்சின் ஒன்றைச் சுமந்து, ஒலியின் ஏறத்தாழ ஆறு மடங்கு வேகத்தில் 7 விநாடி நிலைத்தது. 2016 ஆகஸ்ட் 28ஆம் நாள் காலை 6 மணிக்கு 3,277 கிலோ எடையுள்ள ராக்கெட் இரு ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்களைத் தூக்கிச் சென்றது. அவை 5 விநாடி எரிந்தன. ஏறத்தாழ 300 விநாடிப் பயணத்துக்குப் பின்னர் யாவும் வங்கக் கடலில் 320 கிலோமீட்டர் தொலைவில் விழுந்தன. பறப்பில் ஸ்க்ராம்ஜெட் எஞ்சினைச் சோதித்துக் காட்டிய நான்காவது நாடு என்னும் பெயர் அன்று இந்தியாவுக்கு வந்தது. அச்சோதனையில் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளை இஸ்ரோ நிறுவனத்தார் வரிசைப்படுத்தியபோது முதலாவதாகக் குறித்தது எஞ்சினின் காற்றுவாயையே. 2024 ஜூலை 22ஆம் நாள் ரோகிணி-560 ராக்கெட்டின் இருபக்கமும் எஞ்சின்களைப் பொருத்தி மீண்டும் சோதித்து, ஏறத்தாழ 110 அளவுகளைப் பதிவு செய்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து அதே ஜூலை 22இல்தான் நம் பிரிட்டிஷ் விருந்தாளி விடைபெற்றது. இது வெறும் தற்செயல்.

வாய் எத்துணை முக்கியமென்பதை மற்றொரு சோதனையும் சொல்லும். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020 செப்டம்பர் 7ஆம் நாள் ஒடிசாக் கடற்கரைத் தீவிலிருந்து செலுத்திய ஊர்தி, 30 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பக் கவசத்தை உதறி, தன்னைத் தூக்கிவந்த ராக்கெட்டைப் பிரிந்த பின்னர்தான் தன் காற்றுவாயைத் திறந்தது. அதுவரை மூடியிருந்த வாய் அவ்வளவு வேகத்தில் திறந்து, அலைகள் உரிய இடத்தில் நின்று, தீப்பற்றி, 20 விநாடிக்கும் மேலாக எரிந்தது. அன்றைய அறிக்கையில் வாய் திட்டமிட்டபடி திறந்தது என்று தனியே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். விஷயமறியாதவர் அதைத் தாண்டிச் சென்றிருப்பர்.

5 விநாடிக்கும் 20 விநாடிக்குமா இத்தனை ஆண்டுகளும் இத்தனை செலவும் என்று கேட்போர் நம்முள்ளும் உண்டு. கேள்வி நியாயமானதே. பெரிய ஏவுவாகனம் ஒன்றைத் தூக்க வேண்டுமாயின் இவ்வெஞ்சின் பல நிமிடங்கள் எரியவேண்டும். ஹைதராபாத்தில் 2025 ஏப்ரல் 25ஆம் நாள் சிறு அளவிலான ஸ்க்ராம்ஜெட் எரியறை ஒன்றைத் தரையில் 1,000 விநாடிக்கு மேல் எரித்துக் காட்டினார்கள். அது தரையில் கண்ட வெற்றி. வானில் உள்ள பெருஞ்சிக்கல், வேகம் மாறிக்கொண்டே இருப்பதுதான். ஒலியின் நான்கு மடங்கு வேகத்தில் எரியத் தொடங்கி எட்டு மடங்குவரை ஏறும் எஞ்சினை இஸ்ரோ நிறுவனத்தார் குறிக்கோளாகப் பேசுகின்றனர். நான்கில் அலையை உள்ளே நிறுத்தும் வாய் எட்டில் நிறுத்தாது. அசையாத வாயை வைத்தால் ஒரு வேகத்துக்கே உதவும். அசையும் வாயை வைத்தால், அக்கொதிக்கும் காற்றில் மூட்டுகளும் கீல்களும் உருகாமலும் கசியாமலும் இயங்கவேண்டும். காங்கார்டின் பலகைகள் தாங்கியது ஏறத்தாழ 120 டிகிரி வெப்பம். இங்கேயோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். போர்விமானத்தில் அசையாத வாயைப் பாராட்டிய நாம், இங்கே அசையும் வாயின் பக்கமே சாய்கிறோம். ஒரே வேகத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகவேண்டிய யந்திரத்துக்கு வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

இதற்கான வேலை நம் ஊரிலேயே நடக்கத் தக்கதாகச் சாதனங்கள் வந்திருக்கின்றன. 2017 மார்ச்சு மாதத்தில் விக்ரம் சாராபாய் மையத்தில், ஒலியின் 12 மடங்கு வேகம்வரை காற்றைச் செலுத்தவல்ல காற்றுச்சுரங்கம் திறக்கப்பட்டு, சதீஷ் தவான் பெயர் சூட்டப்பட்டது. 2022 டிசம்பரில் ஏறத்தாழ 160 மீட்டர் நீளமுள்ள மற்றொரு காற்றுச்சுரங்கம் முதன்முறையாக இயக்கப்பட்டது. ஒலியின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்திலிருந்து நான்கு மடங்கு வேகம்வரை அதில் சோதிக்கலாம். ஊர்தி அசையாமல் நிற்க, காற்று அதன்மேல் பாயும். கையளவு மாதிரி ஒன்றின் வாயில் அலை எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் வெளியே நழுவுகிறது என்பதை ஒளிப்படமாக எடுத்து, கூம்பையும் பலகையையும் சில மில்லிமீட்டர் நகர்த்தி, மீண்டும் காற்றைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம்.